பக்கத்துத் தோட்டக்காரருக்கு ஆறு சென்ட் கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி மாவட்டத்தில் நாங்குநேரி, ராதாபுரம், சேரன்மகாதேவி, மானூர் பக்கம் எந்த ஊரை எடுத்தாலும் இப்படி ஒரு விற்பனை நடந்திருக்கும். தோட்டத்தின் மேல்புறம் ஒரு துண்டு. பக்கத்து விளைக்காரருக்கு அது இருந்தால் வண்டி திருப்ப வசதி. விற்பவருக்கோ கொஞ்சம் பணம் தேவை. நிலம் சின்னதாக இருப்பதால் வேலையும் சின்னதுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். முழுத் தோட்டத்தை விற்பதைவிடத் துண்டு விற்பதில்தான் கவனம் கூடுதலாக வேண்டும், ஏனென்றால் புதிதாக ஓர் எல்லை பிறக்கிறது. கீழே உள்ள கணக்குகளுக்கு 6 சென்ட் துண்டையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம்.

ஆறு சென்ட்தானே, வெள்ளைத்தாளில் எழுதி ஊர்ப் பெரியவர் முன்னால் கையெழுத்துப் போட்டால் போதாதா?

போதாது. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தைப் பதிவு செய்த பத்திரம் மூலமாகத்தான் விற்க முடியும். வெள்ளைத்தாளை வைத்துப் பட்டா மாறாது. சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றிலும் அது ஏறாது. எழுதிக்கொண்ட இருவரும் இருக்கும்வரை பிரச்சினை தெரியாது. பிள்ளைகள் காலத்தில், “எங்க அய்யா வித்ததா எந்த ரிக்கார்டும் இல்லையே” என்ற பேச்சு வரும்போது பணம் கொடுத்தவர் வீட்டார் கையில் வெறும் தாள்தான் இருக்கும்.

விற்பனை ஒப்பந்தத்துக்கும் இதே நிலைதான். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் அதையும் பதிவு செய்தாக வேண்டும். பணம் தயாராக இருந்தால் ஒப்பந்தமே வேண்டாம், நேரடியாகக் கிரையத்துக்குப் போய்விடுங்கள்.

முதலில் விலை பேசுவதா, அளப்பதா?

அளப்பதுதான். “அந்த வேப்பமரத்துக்கு மேற்கே இருப்பது எல்லாம்” என்று பேசி அட்வான்ஸ் வாங்கிவிட்டுப் பிறகு அளந்தால் ஐந்து சென்ட் வரும், இல்லாவிட்டால் ஏழு வரும். பேச்சு அங்கேயே கசந்துபோகும்.

வருவாய்த் துறையின் இணைய சேவையிலோ இ-சேவை மையத்திலோ மூன்று ஆவணங்களை எடுங்கள்: பட்டா, அ-பதிவேடு (ஒவ்வொரு புல எண்ணின் விவரமும் உள்ள கிராமப் பதிவேடு), புல வரைபடம் (எஃப்.எம்.பி). உங்கள் உட்பிரிவின் (புல எண்ணுக்குள் தனி எண் கொடுத்துப் பிரித்த பகுதியின்) ஒவ்வொரு பக்கமும் எத்தனை மீட்டர் என்பது புல வரைபடத்தில் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு பழைய அளவைக் கற்களைத் தேடுங்கள். உடைமுள் புதருக்குள் புதைந்திருக்கும், உழவில் சாய்ந்திருக்கும், சில இடங்களில் கிணற்றுமேட்டுக்குப் படிக்கல்லாகவே போயிருக்கும். குறைந்தது இரண்டு கல்லாவது அசையாமல் இருந்தால்தான் அங்கிருந்து மற்றதை அளந்து பிடிக்க முடியும். கல்லே இல்லையென்றால் எல்லை காட்டித் தரும்படி விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் அரசு நில அளவர் வருவார். அக்கம்பக்கத்துப் பட்டாதாரர்களுக்கும் தகவல் போகும்.

தனியார் சர்வேயரை வைத்து அளப்பது நல்லதுதான். ஆனால் அது நீங்கள் இருவரும் பேசிக்கொள்வதற்கு மட்டுமே. உட்பிரிவுக்கு அரசு அளவர் போடும் கோடுதான் செல்லும்.

விற்கும் துண்டைப் பிரிக்கும் கோட்டில் இரு முனையிலும் அடையாளம் ஊன்றி, இருவர் வீட்டாரும் ஒருமுறை நடந்து பாருங்கள். விலைப் பேச்சை அதன் பிறகு எடுங்கள்.

பத்திரத்தில் சென்ட், பட்டாவில் ஏர், பேச்சில் அடி. எப்படி ஒத்துப் பார்ப்பது?

1 சென்ட் 435.6 சதுர அடி. 1 ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். 1 ஹெக்டேர் 247 சென்ட். பட்டாவில் 0.24.50 என்றிருந்தால் 24.5 ஏர், ஏறத்தாழ 60.5 சென்ட்.

6 சென்ட் என்பது 2613.6 சதுர அடி. 20 அடி அகலத்தில் ஒரு பட்டை எடுத்தால் நீளம் 130 அடி 8 அங்குலம் வரும். அதுவே 242.8 சதுர மீட்டர், 2.43 ஏர். கிராமப் பட்டாக்களில் பரப்பை அரை ஏர் கணக்கில் முழுமையாக்கி எழுதியிருப்பதைப் பரவலாகக் காணலாம். அப்படி இந்தத் துண்டு 2.50 ஏர் என்று ஏறினால் அது 6.18 சென்ட். இந்தச் சிறு வித்தியாசம் வரும் என்று முன்கூட்டியே இருவரும் பேசிவையுங்கள்.

ஆற்றுப் பாசனப் பகுதிப் பழைய பத்திரங்களில் கோட்டை, மரக்கால் விதைப்பாடு (அத்தனை விதை விதைக்கும் பரப்பு) என்று இருக்கும். அது ஊருக்கு ஊர் வேறுபடும். அதைச் சென்ட்டாக மாற்றிப் புதுப் பத்திரத்தில் எழுத வேண்டாம். அளந்த அளவை எழுதுங்கள்.

நான்கு மால் (நாற்புற எல்லை) எழுதும்போது எங்கே தவறு நடக்கிறது?

பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே எழுதுவதில்தான். “கிழக்கு மால்: இன்னார் தோட்டம்” என்று 40 வருடம் முன்பு எழுதியிருப்பார்கள். அந்த இன்னார் இன்று இல்லை, தோட்டமும் மூன்று கை மாறியிருக்கும்.

துண்டு விற்கும்போது ஒரு மால் கண்டிப்பாக “இதில் விற்பவருக்குப் பாத்தியப்பட்டு நிற்கும் மீதி நிலம்” என்று வரவேண்டும். மற்ற மூன்றுக்கும் இன்றைய உரிமையாளர் பெயரோடு புல எண்ணும் உட்பிரிவு எண்ணும் சேருங்கள். பெயர் மாறலாம், எண்ணைப் பிடித்து யாரும் தேடிவிடலாம்.

கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி என்று இரண்டே அளவு போதுமானது சரியான செவ்வகத்துக்கு மட்டும்தான். நம் தோட்டங்களில் அப்படி அமைவது அபூர்வம். வடபுறம் 22 அடி, தென்புறம் 18 அடி என்று கோணலாக இருந்தால் நான்கு பக்க அளவையும் தனித்தனியே எழுதி, ஒரு குறுக்களவையும் சேருங்கள். நான்கு பக்கம் மட்டும் தெரிந்தால் அந்த உருவத்தைச் சாய்த்துப் பல விதமாக வரையலாம். மூலைக்கு மூலை ஓர் அளவு இருந்தால்தான் அது ஒரே இடத்தில் நிற்கும். கையால் வரைந்த ஒரு வரைபடத்தில் இருவரும் கையெழுத்திட்டுப் பத்திரத்தோடு இணைப்பது எங்கள் அழுத்தமான பரிந்துரை.

பக்கத்துக்காரர் ஏற்கெனவே என் பக்கம் இரண்டடி தள்ளித்தான் வேலி போட்டிருக்கிறார். அதையும் சேர்த்து விற்பதா?

வேலியிலிருந்து அளக்காதீர்கள், கல்லிலிருந்து அளங்கள். 130 அடி நீளத்துக்கு இரண்டடி என்றால் 260 சதுர அடி, அரைச் சென்ட்டுக்கும் மேல். அதையும் சேர்த்து 6 சென்ட் என்று எழுதினால் விஷயம் சுத்தமாக முடியும். சேர்க்காமல் விட்டால் பட்டாவில் உங்கள் பெயரும் நிலத்தில் அவர் அனுபோகமும் என்று இழுபடும். 12 ஆண்டு எதிரிடை அனுபோகம் (உரிமையாளருக்கு எதிராகத் தன் நிலம்போலவே அனுபவித்தது) என்று வழக்காடவும் இடம் உண்டு.

யார் யார் கையெழுத்துப் போட வேண்டும்?

நீங்கள் சொந்தச் சம்பாத்தியத்தில் உங்கள் பெயரில் கிரயம் வாங்கிய நிலமென்றால் நீங்கள் ஒருவர் போதும். பூர்வீகமென்றால் இந்தக் கேள்வியில்தான் பெரும்பாலான சிக்கலும் இருக்கிறது.

தகப்பனார் பெயரில் பட்டா இருந்து அவர் காலமாகியிருந்தால் தாசில்தாரிடம் வாரிசுச் சான்று வாங்குங்கள். அதில் வரும் எல்லோரும் கையெழுத்திட வேண்டும், இல்லாவிட்டால் தன் பங்கை விட்டுக்கொடுத்து முன்கூட்டியே விடுதலைப் பத்திரம் எழுதித் தரவேண்டும். “அக்காவுக்குக் கட்டிக்கொடுக்கும்போதே நகை நட்டு, சீர் எல்லாம் செய்தாச்சு” என்பது சட்டத்தில் பாக விடுதலை ஆகாது. தமிழ்நாட்டில் 1989 சட்டத்திருத்தம் அப்போது மணமாகாத பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் தந்தது. அந்த நாளில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவு செய்து முடிந்த பாகப்பிரிவினைகளை இது தொடாது. ஆக, அக்கா தங்கச்சிகளிடம் போய் நேரில் சொல்லிக் கையெழுத்து வாங்குவது மரியாதையும் ஆயிற்று, பத்திரத்துக்குப் பாதுகாப்பும் ஆயிற்று.

இந்து மைனர் ஒருவருக்குத் தனிப்பட்ட பங்கு இருந்தால் தாயாரோ கார்டியனோ கையெழுத்திட்டால் மட்டும் போதாது; நீதிமன்ற அனுமதி வேண்டும்.

பங்காளி வளைகுடாவில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரத்துக்குச் சான்று பெற்று அனுப்பட்டும். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். பவர் ஏஜென்ட் விற்கும்போது பவர் கொடுத்தவர் உயிரோடிருப்பதற்கான சான்றையும் கேட்பார்கள்.

கூட்டுப் பட்டாவில் உங்கள் பங்கு எது என்று பிரிக்கப்படாமல் இருந்தால், “மேல்புறம் 6 சென்ட்” என்று நீங்களாகக் குறித்து விற்க முடியாது. முதலில் பாகப்பிரிவினைப் பத்திரம் பதியுங்கள், அதன் பிறகு விற்பனை.

பக்கத்துக்காரருக்கு முதல் உரிமை உண்டா? அவரிடம் கேட்காமல் வேறொருவருக்கு விற்றால் குற்றமா?

பக்கத்துக்காரர் என்பதற்காக எந்த உரிமையும் இல்லை. ஊர் நாகரிகத்துக்காகக் கேட்கிறோம், அவ்வளவே. ஆனால் ஒரே தகப்பனாரின் சொத்தில் வாரிசாகச் சேர்ந்திருக்கும் உடன்பிறப்புகளுக்கு, ஒருவர் தன் பங்கை விற்கும்போது வாங்குவதில் முன்னுரிமை கேட்க இந்து வாரிசுரிமைச் சட்டம் இடம் கொடுக்கிறது.

விற்கவே கூடாத நிலம் என்று எவை?

கோயில், மடம், கட்டளை நிலங்கள் நம் பகுதியில் நிறைய. பல தலைமுறையாக உழுதாலும் அவை உழுதவர் சொத்தாகிவிடுவதில்லை. பூமிதான நிலமும் ஓடை, குளம் புறம்போக்கும் அப்படியே. பட்டியல் சாதியினருக்கென அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலத்தை மற்றவருக்குக் கைமாற்றினால் அது செல்லாது. எத்தனை முறை பத்திரம் ஆகியிருந்தாலும் செல்லாது. அரசு ஒப்படைப்புப் பட்டா என்றால் அதில் உள்ள நிபந்தனைகளை வரிவரியாகப் படியுங்கள். அ-பதிவேட்டில் வகைப்பாட்டையும் குறிப்பு நிரலையும் பார்த்தால் இவற்றில் பாதி தெரிந்துவிடும்.

சின்னத் துண்டு என்று பதிவு அலுவலகத்தில் மறுப்பார்களா?

கேள்வி கேட்பார்கள், கேட்பதற்குக் காரணமும் உண்டு. அங்கீகாரமில்லாமல் விவசாய நிலத்தை மனையாக வெட்டி விற்பதைப் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு தடுக்கிறது. 2016 அக்டோபர் 20-க்கு முன்னரே மனையாகப் பதிவான துண்டுக்கு விலக்கு உண்டு. தோட்டத்திலிருந்து இப்போது புதிதாக வெட்டும் துண்டுக்கு இல்லை.

வாங்குபவர் தன் தோட்டத்தோடு சேர்த்து விவசாயம்தான் செய்யப் போகிறார் என்பது உண்மையென்றால் அதைப் பத்திரத்திலேயே எழுதுங்கள்: புஞ்சை நிலம், வாங்குபவருக்குச் சொந்தமான இன்ன புல எண்ணை ஒட்டியது, அதனுடன் சேர்த்துச் சாகுபடிக்கே பயன்படும் என்று. அவருடைய பட்டா நகலையும் கொண்டு போங்கள். பத்திரம் எழுதுவதற்கு முன்பே வரைவைச் சார்பதிவாளரிடம் காட்டிக் கேட்டுவிடுவது நல்லது. வீடு கட்டத்தான் வாங்குகிறார் என்றால் விவசாயம் என்று பொய்யாக எழுதாதீர்கள். பிறகு கட்டட அனுமதிக்குப் போகும்போது அவர்தான் மாட்டிக்கொள்வார்.

செலவு எவ்வளவு ஆகும்?

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். விலை, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன் மேல் கணக்கு. 6 சென்ட் 1,20,000 ரூபாய் என்று வைத்தால் 8,400 + 2,400 = 10,800 ரூபாய். வாங்குபவர் பெண்ணாக இருந்து சொத்து மதிப்பு 10 லட்சத்துக்குள் இருந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. இங்கே 1,200 மிச்சம். இவற்றோடு உட்பிரிவுக் கட்டணம், கணினிக் கட்டணம், பத்திர எழுத்தர் கூலி சேரும். வழக்கமாக எல்லாம் வாங்குபவர் செலவு. அளவைச் செலவை மட்டும் பாதிப் பாதி போட்டுக்கொள்ளுங்கள்.

வழிகாட்டி மதிப்பைப் பதிவுத் துறை இணையதளத்தில் புல எண் போட்டே பார்க்கலாம். விவசாய நிலத்துக்கு ஏக்கர் கணக்கில் இருக்கும். சில சென்ட் மட்டும் விற்கும்போது மனை மதிப்பில், சதுர அடிக் கணக்கில் கேட்க வாய்ப்புண்டு. அப்படியானால் தொகை பல மடங்காகும். இதையும் முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

பணத்தை ரொக்கமாக வாங்கலாமா? வரி வருமா?

நிலம் விற்ற வகையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டம் இடம் தருகிறது. இருவருக்கும் விவசாய வருமானம் மட்டுமே இருந்து, வரி கட்டும் அளவு வேறு வருமானம் இல்லையென்றால் விலக்கு உண்டு. என்றாலும் வங்கி வழியே வாங்கி, அந்தப் பரிமாற்ற எண்ணைப் பத்திரத்தில் எழுதுவதே நிம்மதி.

கிராமப்புற விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. மக்கள்தொகை ஒரு லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை உள்ள நகரிலிருந்து நேர்கோட்டில் 6 கிலோமீட்டருக்குள் இருந்தால் அது கிராமப்புறம் ஆகாது. திருநெல்வேலி மாநகராட்சி இந்த வகை. பத்தாயிரத்துக்கு மேல் ஒரு லட்சம் வரை உள்ள ஊர்களுக்கு 2 கிலோமீட்டர்.

கிணறு, பாதை, தண்ணீர் பற்றி என்ன எழுத வேண்டும்?

கிரையப் பத்திரங்களில், “சகல பாத்தியங்களுடன்” என்று ஒரு சொல் தானாக வந்து விழும். விற்கும் துண்டோடு இதுவரை அனுபவித்த உரிமைகளெல்லாம் சேர்ந்தே போகும் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். நீங்கள் கிணற்றில் பங்கு கொடுக்கவில்லையென்றால், “கிணற்றிலும் பம்ப்செட்டிலும் வாங்குபவருக்குப் பாத்தியம் இல்லை” என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். கொடுக்கிறீர்களென்றால் எத்தனையில் ஒரு பங்கு, எந்த முறையில் தண்ணீர், மோட்டார் பழுதானால் யார் எவ்வளவு தருவது என்பது வரை எழுதுங்கள். மின் இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அவர் பெயரிலேயே நிற்கும். நிலம் கைமாறினால் அது தானாக மாறாது.

வாய்க்கால் விற்கும் துண்டு வழியாகப் போகிறதா? அப்படியானால் உங்கள் மீதி நிலத்துக்குத் தண்ணீர் போக வழி வேண்டும். வாமடை (தண்ணீர் திறந்துவிடும் வாய்) எங்கே, வாய்க்கால் அகலம் எத்தனை அடி, தூர் வார இறங்கலாமா என்பதை உரிமையாக எழுதி வாங்குங்கள். பாதையும் அப்படித்தான். ரோட்டை ஒட்டிய துண்டை விற்றுவிட்டால் பின்னால் இருக்கும் 50 சென்ட்டுக்கு டிராக்டர் எப்படிப் போகும்? நடைபாதை என்று எழுதினால் நடக்கத்தான் முடியும். வண்டிப்பாதை என்று எழுதி அகலத்தையும் குறியுங்கள். 20 ஆண்டு தடையில்லாமல் நடந்தால் வழியுரிமை பிறக்கும் என்று சட்டம் இருக்கிறது, ஆனால் அதை நிரூபிக்க நீதிமன்றம் ஏற வேண்டும். இன்று இரண்டு வரி எழுதுவதற்கு எந்தச் செலவும் இல்லை.

மரங்களைத் தனித்தனியே எண்ணி எழுதுங்கள்: தென்னை இத்தனை, பனை இத்தனை. பொழியில் நிற்கும் எல்லைப்பனை யாருக்கு என்பது சின்ன விஷயம் போலத் தோன்றும். பதனீர்க் காலம் வந்தால் பெரிதாகிவிடும். பனையை வெட்டுவதானால் மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்பதையும் வாங்குபவருக்குச் சொல்லிவையுங்கள். ஏத்தன் வாழை தார் போட்டு நின்றால் அறுவடை யாருடையது, சுவாதீனம் எந்தத் தேதியில் என்றும் எழுதுங்கள்.

மூலப் பத்திரம் யாரிடம் இருக்கும்?

மீதி நிலம் உங்களிடம் இருப்பதால் உங்களிடம்தான். பதிவின்போது அசலைக் கையோடு கொண்டு போங்கள். வாங்கியவர் கேட்கும்போது பார்வைக்குத் தருவதாகப் பத்திரத்தில் ஒரு வரி எழுதி, அவர் கையில் சான்றிட்ட நகலைக் கொடுங்கள்.

நிலத்தின் மேல் கடன் இருக்கிறது.

வில்லங்கச் சான்றை 30 ஆண்டுக்காவது போட்டுப் பாருங்கள். அடமானம் இருந்தால் கடனை முடித்து ரத்துப் பத்திரம் பதிந்த பிறகே விற்பனை. அல்லது இந்த 6 சென்ட்டை மட்டும் விடுவிக்கக் கடன் கொடுத்தவரிடம் எழுத்துமூலம் கேளுங்கள். கடனை அடைத்த ரசீது மட்டும் இருந்தால் போதாது, ஏனென்றால் வில்லங்கத்தில் பழைய பதிவு அப்படியே நிற்கும்.

விற்காமல் இடத்துக்கு இடம் மாற்றிக்கொள்ளலாமா?

கோணல் வரப்பை நேராக்க அதுதான் சிறந்த வழி. பரிவர்த்தனைப் பத்திரம் என்று பெயர். இரண்டு துண்டில் மதிப்பு அதிகமான ஒன்றின் மேல்தான் தீர்வை. அளவையும் உட்பிரிவும் இரு பக்கமும் செய்தாக வேண்டும்.

பதிவு முடிந்தது. பட்டா மாறவில்லையே, ஏன்?

துண்டு விற்பனை என்பதால் இது உட்பிரிவு வகை. விவரம் இணையம் வழியே வருவாய்த் துறைக்குப் போய், நில அளவர் நேரில் வந்து அளந்து, 123/2 என்பதை 123/2அ, 123/2ஆ என்று பிரித்த பிறகுதான் இருவருக்கும் தனிப் பட்டா வரும். அளவர் வரும் அன்று இருவரும் நிலத்தில் இருங்கள்.

மனு தள்ளுபடியாவதற்கு அடிக்கடி காணும் காரணங்கள்: பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருப்பது; பத்திரப் பரப்பு பட்டாப் பரப்பை மீறுவது; பழைய சர்வே எண்ணை எழுதிவிடுவது; கூட்டுப் பட்டாதாரர் ஒருவர் ஆட்சேபிப்பது; பத்திர அளவும் நிலத்தில் காட்டும் இடமும் ஒத்துவராதது. எண்ணிலோ அளவிலோ பிழை என்றால் இருவரும் சேர்ந்து பிழைத்திருத்தல் பத்திரம் பதிய வேண்டும். விற்றவர் காலமாகிவிட்டால் அவர் வாரிசுகள் எல்லோரையும் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கும். ஆகவே பத்திரம் கைக்கு வந்த வாரமே ஒவ்வோர் எண்ணையும் சரிபாருங்கள். பட்டா உத்தரவு தவறென்று பட்டால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். நம் மாவட்டத்தில் திருநெல்வேலி, சேரன்மகாதேவி என இரண்டு கோட்டங்கள்.

வேலியை எப்போது போடலாம்?

உட்பிரிவு அளந்து கல் ஊன்றிய பிறகு. அதற்கு முன் கல்தூணும் கம்பியும் போட்டால் அரையடி தள்ளினாலும் பிடுங்கி நட வேண்டும். அதுவரை கயிறு கட்டி வைக்கலாம். அளவைக் கல்லைத் தூணுக்குள் வைத்துக் காங்கிரீட் போடாதீர்கள். அடுத்த முறை அளப்பவர் கண்ணுக்கு அது தெரிய வேண்டும்.